சென்னிகுளத்துப் பாட்டு பழனிப் பாதைக்கு வந்த கதை

கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் குழுவில் பாடுகிற தம்பி ஒருவர் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். ‘சென்னி குளநகர் வாசன்’ என்று வருஷா வருஷம் பாடுகிறோமே, அந்த வாசன் முருகனா, வேறு யாராவதா? மாமா அதைப் பழனிப் பாட்டு என்கிறார், அச்சுப் புத்தகத்தில் கழுகுமலை என்று இருக்கிறது, எது சரி? கூட நடக்கிற இசைக் கல்லூரி மாணவர் இது புலவர் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு இல்லை என்கிறார், அது உண்மையா?

முதல் இரண்டுக்கும் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். வாசன் முருகன் இல்லை, பாட்டை எழுதிய ஆள். பாட்டு கழுகுமலை முருகனுக்கு எழுதப்பட்டது. மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது.

எழுதியவர் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில் கரிவலம்வந்தநல்லூர் வரும். அதற்குப் பக்கத்தில் உள்ள சென்னிகுளம் அவர் ஊர், இப்போது தென்காசி மாவட்டம். 1860களில் பிறந்தவர், முப்பது வயது நிறைவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குறுகிய காலத்துக்குள் அந்தாதி, பதிகம், தலபுராணம் என்று அன்றைய புலவர்கள் செய்கிற எல்லாவற்றையும் செய்தார். அவற்றை இன்றைக்கு ஆராய்ச்சி மாணவர்கள்தான் தேடிப் படிக்கிறார்கள். இருபத்துச் சொச்சம் பாட்டுகள் கொண்ட காவடிச்சிந்து என்கிற நூல்தான் அவரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவர் படிக்காத நாட்டுப்பாடகர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேற்றூர்ப் பக்கத்துப் புலவர்களிடம் தமிழ் கற்றார். பிறகு திருவாவடுதுறை மடத்துக்குப் போனார். அப்போது சுப்பிரமணிய தேசிகர் அங்கே ஆதீனகர்த்தர். இளம் உ.வே. சாமிநாதையர் அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் ரெட்டியார் நன்னூல் பாடம் கேட்டார். இலக்கணமும் யாப்பும் முறையாகக் கற்ற ஆள் என்று சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன் பிறகு ஊற்றுமலை. ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர், இருப்பு வீரகேரளம்புதூரில். தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர், தானும் படித்தவர். ரெட்டியார் அவருடைய அவைப்புலவர் ஆனார். ஜமீன்தார் காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்தபோது, நடைக் களைப்பு தெரியாமல் இருக்க வழியில் பாடுவதற்காகப் பிறந்தவை இந்தச் சிந்துகள் என்பது காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. ரெட்டியாரைப் பற்றி குறும்பும் சிலேடையுமாக எத்தனையோ கதைகள் உலவுகின்றன, பாதி இட்டுக்கட்டியவை. இந்த ஒரு செய்தியைப் பாட்டே மெய்ப்பிக்கிறது. நடக்காமல் உட்கார்ந்து படித்தால் அதில் பாதிதான் கிடைக்கும்.

முதல் பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள்:

சென்னி குளநகர் வாசன் - தமிழ்
தேறும் அண்ணாமலை தாசன் - செப்பும்
செகமெச்சிய மதுரக்கவி
அதனைப்புய வரையிற்புனை
தீரன்; அயில் வீரன்.

‘சென்னிகுளத்துக்காரன், தமிழ் தேர்ந்த அண்ணாமலை தாசன் சொல்லும், உலகம் மெச்சிய இனிய கவியைத் தன் மலை போன்ற தோளில் மாலையாக அணிகிற தீரன், வேல் பிடித்த வீரன்’. இதுதான் பொருள். வாசன், தாசன் இரண்டும் கவிஞர். தீரன், வீரன் இரண்டும் முருகன். இரண்டையும் ஒரே மூச்சில் பாடும்போது யார் யார் என்று குழம்புவது இயல்பு. கீர்த்தனை எழுதுபவர்கள் வழக்கமாகப் பேரைக் கடைசியில், முத்திரையாகத்தான் வைப்பார்கள். இவர் ஊர், பேர், படிப்பு, போதாததற்கு ‘செகம் மெச்சிய’ என்று தன் கவிதைக்குத் தானே ஒரு நற்சான்றிதழ், இத்தனையையும் முதல் மூன்று அடியிலேயே முடித்துவிடுகிறார். இருபதுகளில் இருந்த பையனின் கெத்து அது. எனக்கு அது பிடிக்கும். தோளில் காவடியைச் சுமந்து வருகிறவனுக்கு முன்னால், முருகன் தோளில் என் பாட்டு இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொள்வதையும் கவனியுங்கள்.

அடுத்த கண்ணியில்தான் ஊர் வருகிறது:

வன்ன மயில்முருகேசன் - குற
வள்ளி பதம்பணி நேசன் - உரை
வரமேதரு கழுகாசல
பதிகோயிலின் வளம்நான்மற
வாதே சொல்வன் மாதே.

‘வண்ண மயில் முருகேசன், குறவள்ளியின் பாதம் பணிகிற நேசன், கேட்ட வரம் தருகிற அவனுடைய கழுகாசலப் பதிக் கோயிலின் வளத்தை மறவாமல் சொல்வேன், பெண்ணே’. கழுகாசலம் கழுகுமலைதான், கோவில்பட்டிக்கு மேற்கே இருப்பது. மலையைக் குடைந்த முருகன் கோயில் அங்கே இருக்கிறது. அதே குன்றின் மேல்தான் எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் வெட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலும் இருக்கிறது.

உங்கள் மாமா சொன்னதும் காரணமில்லாமல் இல்லை. பழனி அடிவாரத்தில் நான் கேட்ட குழுக்களில் சிலர் ‘வரமேதரு பழனாசல’ என்றே பாடுகிறார்கள். கழுகாசல, பழனாசல இரண்டுக்கும் ஓசை ஒன்றேதான், ஒரு மாத்திரைகூட இடிக்காது. எந்த மலைக்கு நடக்கிறோமோ அந்த மலையை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று பாட்டே இடம் விட்டு வைத்தது போல இருக்கிறது. மாமா அப்படிக் கேட்டு வளர்ந்தவராக இருப்பார். புத்தகமும் பொய் சொல்லவில்லை, மாமாவும் பொய் சொல்லவில்லை.

காவடி என்கிற பழக்கமே பழனியோடு ஒட்டிப் பிறந்த கதைதான் என்பதால் இந்த ஒட்டு எளிதாக விழுந்தது. அகத்தியர் கேட்டபடி சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளை இடும்பன் தண்டில் கட்டித் தோளில் தூக்கி வருகிறான். இன்றைய பழனி அடிவாரமான திருவாவினன்குடிப் பக்கம் இறக்கிவைத்து இளைப்பாறுகிறான். திரும்பத் தூக்கினால் ஒன்று அசையவில்லை. மேலே கோவணம் கட்டிய பையன் ஒருவன் இது என் மலை என்று நிற்கிறான். சண்டையில் விழுந்த இடும்பன் பிழைத்தெழுந்து, தன்னைப் போல் சுமை தூக்கி வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்று வரம் வாங்கிக்கொள்கிறான். பழனி மலைக்குப் பக்கத்தில் இடும்பன் மலை இன்றும் தனியாக நிற்கிறது. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடி வருகிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீரைத் தீர்த்தக் காவடியாகச் சுமந்து வருகிறார்கள். இத்தனை சாலைகளில் இத்தனை பேர் சுமையோடு நடக்கும்போது, நடப்பதற்கென்றே செய்த பாட்டு கழுகுமலையோடு எப்படி நிற்கும்?

சரி, மூன்றாவது கேள்வி. நடப்பதற்கென்றே செய்தது என்று நான் சொல்வது எதை வைத்து?

மேலே காட்டிய கண்ணியை மறுபடி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு அடி சாவகாசமாகப் போகிறது. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரு சொல் தனியாகத் தொங்குகிறது: ‘தமிழ்’, ‘செப்பும்’. யாப்பில் அதைத் தனிச்சொல் என்பார்கள். அது இந்த அடிக்கும் சேராது, அடுத்த அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். பாடுகிறவர் அந்த இடத்தில்தான் மூச்சு வாங்குவார், உறுமிக்காரர் ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வார். அப்புறம் பாட்டு திடீரென்று ஓடத் தொடங்கும்: செகமெச்சிய, மதுரக்கவி, அதனைப்புய, வரையிற்புனை. இதற்கு முடுகு என்று பேர். நான்கு துண்டும் ‘தனனத்தன, தனனத்தன’ என்று ஒரே அச்சு. பின்னால் வரும் கண்ணிகளில் அது ‘தனதானன’ ஆகிறது: சலராசியை, வடிவார்பல, கொடிசூடிய, முடிமீதினில். எப்படியானாலும் துண்டுக்கு ஆறு மாத்திரை. மூன்று மாத்திரைக்கு ஒரு கால் என்று வைத்தால் ஒரு துண்டுக்கு இடது ஒன்று, வலது ஒன்று. நான்கு துண்டு முடிவதற்குள் எட்டுத் தப்படி வைத்தாகிவிடும். நடையில் இருப்பவர் இந்த இடத்தில் தானாக வேகம் கூட்டுவார், ஆடுகிறவர் காவடியைச் சுழற்றுவார். உடனே ‘தீரன், அயில் வீரன்’ என்று நெடில்களை வைத்து வண்டியை நிறுத்துகிறார். கூட்டம் சேர்ந்து பாடுவது அந்த இரண்டு சொல்லைத்தான். முன்பாட்டுக்காரருக்கு மட்டும் முழுப் பாட்டும் தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு முடிவு தெரிந்தால் போதும்.

ஐந்து வரியில் மெது, வேகம், நிறுத்தம், கூட்டக்குரல் எல்லாம் அடங்கிவிட்டது. தோளில் சுமையோடு நடக்கிறவனின் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பக்கத்தில் நடந்து பார்த்தவர்தான் இப்படிச் செய்ய முடியும். ஏட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர் ஒன்று முழுக்க முடுகாக எழுதி மூச்சை வாங்குவார், இல்லையென்றால் முழுக்க மெதுவாக எழுதித் தூங்க வைப்பார்.

இந்த ஓட்டம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை அவரே மறைக்காமல் சொல்கிறார்:

அருணகிரி நாவிற் பழக்கம் - தரும்
அந்தத் திருப்புகழ் முழக்கம் - பல
அடியார்கணம் மொழிபோதினில்
அமராவதி இமையோர்செவி
அடைக்கும்; அண்டம் உடைக்கும்.

அருணகிரிநாதர் நாவில் பழகி வந்த திருப்புகழை அடியார் கூட்டம் முழங்கும்போது, தேவலோகத்தில் இமையோர் காது அடைத்துப்போகிறது, அண்டமே உடைகிறது. ‘நாவிற் பழக்கம்’ என்று சொல்வதைப் பாருங்கள். வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடித் திருப்புகழை அச்சில் தொகுத்துக் கொண்டுவரத் தொடங்கியது 1890களின் நடுவில்தான், ரெட்டியார் இறந்த பிறகு. ரெட்டியார் காலத்தில் திருப்புகழ் பெரும்பாலும் ஏட்டிலும் வாயிலும்தான் இருந்தது. பழனி முருகன் மேல் அருணகிரியார் பாடியவையும் அப்படித்தான் பஜனைகளில் உயிரோடு இருந்தன. அந்தச் சந்தத்தை வாய்வழியாகக் கேட்டு வாங்கி, அதன் ஓட்டத்தை முடுகில் மட்டும் வைத்து, இரண்டு பக்கமும் எளிய சிந்து அடியைக் கட்டினார் ரெட்டியார். திருப்புகழை முழுதாகப் பாடப் பயிற்சி வேண்டும். காவடிச்சிந்துக்கு அந்தப் பயிற்சியில் நாலில் ஒரு பங்கு போதும், சுகம் முக்கால் பங்கு கிடைத்துவிடும்.

மறு பக்கத்தில் இருந்தது சிந்து. அது புலவர்களின் பண்டமே இல்லை. வழிநடைச் சிந்து, நொண்டிச் சிந்து என்று தெருவிலும் நாடகத்திலும் நெடுநாளாகப் புழங்கியது. நொண்டி நாடகங்களில் வந்தது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் வந்தது. சென்னையில் குஜிலிக்கடைத் தெருவில் அச்சடித்துக் காலணா அரையணாவுக்கு விற்ற சிறு புத்தகங்களில் விதவிதமான சிந்துகள் குவிந்து கிடந்தன. படித்த புலவர்கள் இவற்றைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தார்கள். மடத்தில் நன்னூல் படித்துவிட்டுச் சிந்து எழுதப் போவது அன்றைக்குத் துணிச்சல்தான்.

அதனால் உங்கள் நண்பர் கேட்ட ‘இதுவா அதுவா’ என்கிற கேள்வியே இந்தப் பாட்டுக்குப் பொருந்தவில்லை என்பது என் முடிவு. எழுதியவர் புலவர். எடுத்துக்கொண்ட வடிவம் தெருவில் இருந்தது. எழுதிய நோக்கம் நடை. இன்றைக்கு இதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் எழுதியவர் பேரைக்கூடத் தெரியாமல் பாடுகிறவர்கள். ஆசிரியர் பேர் தெரிந்தால் அது நாட்டுப்புறப் பாட்டு ஆகாது என்று பாடநூலில் ஒரு வரையறை உண்டு. முதல் அடியிலேயே பேரைச் சொல்லியும், பாடுகிறவர்கள் அதை முருகன் பேர் என்று நினைத்துப் பாடுகிற இந்தப் பாட்டை அந்த வரையறை என்ன செய்யும்?

நாட்டார் பாட்டு என்றால் எளிய சொல்லில் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இவர் சொற்கள் சில இடங்களில் கடினமானவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விளையாட்டு இருக்கிறது. குழுவில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் பொருள் தெரியாமல் தாண்டிவிடுகிற ஒரு கண்ணியை எடுத்துக்கொள்வோம்:

சந்நிதியில் துஜஸ்தம்பம் - விண்ணில்
தாவி வருகின்ற கும்பம் - எனும்
சலராசியை வடிவார்பல
கொடிசூடிய முடிமீதினில்
தாங்கும்; உயர்ந்து ஓங்கும்.

துஜஸ்தம்பம் கொடிமரம். சந்நிதிக் கொடிமரம் வானத்தில் போகிற கும்ப ராசியைத் தன் தலையில் தாங்குகிறது, அவ்வளவு உயரம். சாதாரண உயர்வு நவிற்சி, புலவர்கள் நூறு கோபுரத்துக்குச் சொன்னதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் பன்னிரண்டு ராசியில் ஏன் கும்பம்? கும்பம் என்றால் குடம். காவடியின் இரு முனையிலும் குடம் கட்டி நடக்கிறவர்கள் முன்னால் இதைப் பாடுகிறார். பால் குடம் சுமந்து போகிறவனுக்குக் கோயில் வாசலில் கொடிமரமும் ஒரு குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. உரைகாரர்கள் யாரும் சொல்லி நான் படித்ததில்லை, எனக்கு அப்படித்தான் படுகிறது. ‘தம்பம், கும்பம்’ என்கிற இயைபுக்காகக் கும்பம் வந்தது என்று நீங்கள் மறுக்கலாம். நல்ல கவிஞனிடம் இயைபும் காரணமும் சேர்ந்தே வரும்.

இன்னொரு கண்ணியில் கோயிலில் ஆடும் பெண்களின் சிலம்பொலி, அதோடு முழவு. அந்த ஓசை கேட்டு, பூமியைத் தாங்குகிற திசைப் பாம்புகள் ‘இடியோ?’ என்று நிமிர்ந்து பார்க்கின்றனவாம்:

நுழைவாரிடு முழவோசைகள்
திசைமாசுணம் இடியோவென
நோக்கும், படி தாக்கும்.

மாசுணம் பெரும்பாம்பு, படி பூமி. இந்த இடத்தைப் பாடும்போது உறுமி உச்சத்தில் இருக்க வேண்டும். சில குழுக்கள் இங்கே மேளத்தை அடக்கிக் குரலை மட்டும் விடுகிறார்கள். பாட்டின் பொருளுக்கு நேர் எதிர் அது.

காவடி சுமக்கிறவனைப் பற்றியே பேசும் கண்ணி இது:

கருணை முருகனைப் போற்றித் - தங்கக்
காவடி தோளின்மே லேற்றிக் - கொழும்
கனலேறிய மெழுகாய்வரு
பவரேவரும் இகமேகதி
காண்பார், இன்பம் பூண்பார்.

நெருப்பில் இட்ட மெழுகாய் உருகி வருபவர் எவராக இருந்தாலும் இந்தப் பிறவியிலேயே கதி காண்பார்கள். ‘தங்கக் காவடி’ என்பதில் ஜமீன்தாரின் காவடி மின்னுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பலன் சொல்லும்போது ‘எவரும்’ என்று கதவைத் திறந்துவிட்டார். மரக்காவடி எடுக்கிறவன் இதைத் தன் பாட்டாக எடுத்துக்கொள்ள அந்த ஒரு சொல் போதும். முடுகில் ‘மெழுகாய்வரு, பவரேவரும்’ என்று சொல் நடுவில் உடைவதைக் கவனித்துப் பாடுங்கள். ‘வருபவர்’ என்பதுதான் அப்படிப் பிளக்கிறது. முன்னே பார்த்த ‘நான்மற, வாதே’ என்பதும் அப்படித்தான், ‘மறவாதே’ இரண்டாக உடைந்து ஒரு பாதி ஓட்டத்திலும் மறு பாதி நிறுத்தத்திலும் விழுகிறது. பலர் ‘வாதே’ என்பதைத் தனிச் சொல்லாக நினைத்து அழுத்துகிறார்கள். அழுத்தினால் பொருள் போய்விடும். சொல் உடையும் இடத்தில் மூச்சு உடையக் கூடாது.

எல்லாப் பாட்டும் பக்திப் பாட்டு என்றும் எண்ண வேண்டாம். கோயில் வளம், வாவி வளம் என்று தொடங்கி, நூலின் பெரும்பகுதி அகத்துக்குப் போய்விடுகிறது. முருகன் மேல் காதல் கொண்ட பெண் புலம்புகிறாள், தோழி தூது போகிறாள், தாய் திட்டுகிறாள். சிருங்காரம் தூக்கலாகவே இருக்கும். படிக்கிறவர்கள் முகம் சுளித்ததும் உண்டு. என் கணக்கில் அது குறை அல்ல. நாள் கணக்கில் நடக்கிற கூட்டத்தில் பெரியவர்களும் இளவட்டங்களும் சேர்ந்தே நடக்கிறார்கள், ராத்திரி நடையில் தூக்கம் கலைய வள்ளி கதையைவிட நல்ல மருந்து கிடையாது. அவர் சோலையைப் பாடினால்கூட, ‘மூசு வண்டு வாசமண்டு காவில் மொண்டு தேனையுண்டு மோகன முகாரி ராகம் பாடுமே’ என்று வண்டையே கச்சேரி செய்ய வைத்துவிடுவார். மோகனம் கேட்டால் மனம் குதிக்கும், முகாரி கேட்டால் அழுகை வரும். தேன் குடித்த வண்டு இரண்டையும் ஒரே நேரத்தில் பாடுகிறது என்பது காதல்பட்டவர்களுக்குப் புரியும்.

பிறகு வந்தவர்கள் மேல் அவர் பாதிப்பு என்ன என்றும் ஒரு வார்த்தை. கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை, கிழக்கே எட்டயபுரம். எட்டயபுரத்தில் 1882இல் பாரதி பிறக்கிறார். ரெட்டியார் மறைந்தபோது அவர் இன்னும் பத்து வயதைத் தொடாத பிள்ளை. அந்தக் கரிசல் வட்டாரத்தில் காவடிச்சிந்து காதில் விழாமல் வளர முடியாது. ‘வில்லினை யொத்த புருவம் வளைத்தனை வேலவா’ என்கிற பாரதி பாட்டைப் பாடிப் பார்த்தால் எந்த மரபில் வருகிறது என்று தெரிந்துவிடும். 1912இல் பாஞ்சாலி சபதத்துக்கு நொண்டிச் சிந்தை எடுத்துக்கொண்டு, எளிய பதங்கள், எளிய நடை, பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு என்று முன்னுரையில் பாரதி எழுதினார். அதைப் புதுப் பிரகடனமாகப் படிக்கிறோம். கழுகுமலைச் சாலையில் அது ஏற்கெனவே நடந்து காட்டப்பட்டிருந்தது. ரெட்டியார் பிரகடனம் எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கச்சேரி மேடைக்கும் இது ஏறியது. இசை மாணவரான நண்பருக்குத் தெரிந்திருக்கும், காவடிச்சிந்து என்றாலே செஞ்சுருட்டி ராகம் நினைவுக்கு வரும், மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடை. கடைசியில் துக்கடாவாகப் பாடி கைதட்டல் வாங்குவார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையில் முடுகை வித்தை காட்டும் வேகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். எட்டுத் தப்படி வைக்கிற அளவுக்குத்தான் அது ஓட வேண்டும். அதற்கு மேல் ஓடினால் காவடி எடுத்தவர் தடுக்கி விழுவார்.

உங்கள் குழுவுக்கு இரண்டு யோசனை. பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு இறங்கும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும்வரை முழுப் பாட்டுப் பாடாதீர்கள். இறக்கத்தில் கால் தன்னால் ஓடும், முடுகும் சேர்ந்தால் முழங்கால் போய்விடும். அங்கே அரோகராவும் வேல் வேலும் போதும். வரதமாநதி அணைப் பக்கம் சமதரை வந்ததும் சென்னிகுளத்தை எடுங்கள். முன்பாட்டுக்கு ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மெது அடிகளுக்கு, ஒருவர் முடுகுக்கு. அப்போதுதான் இரண்டு பேருக்கும் மூச்சு மிஞ்சும்.

பழனாசல என்று மாற்றிப் பாடலாமா என்றால், தாராளமாகப் பாடுங்கள், முருகனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அடுத்த தைப்பூசத்துக்கு நடக்கும்போது குழுவில் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு ‘வாசன்’ யார் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ‘தங்கக் காவடி’ கண்ணியை உங்கள் குழு பாடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மெட்டு அதேதான், புதிதாகப் பழக எதுவும் இல்லை.